போர்வெல் வறண்டுவிட்டது, அடுத்து என்ன? இன்னும் ஆழமா, மழைத் தொட்டியா, பழைய கிணறா, லாரியா?

சேலத்தில் பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "450 அடி போருங்க. போன வருஷம் வரைக்கும் நல்லா ஓடுச்சு. இப்ப அஞ்சு நிமிஷம் ஓடி நின்னுக்குது. அதையே ஆழப்படுத்தலாமா, புதுசா 1,000 அடி போடலாமா, இல்ல லாரித் தண்ணியிலேயே காலத்தை ஓட்டிடலாமா?" அழகாபுரம், கன்னங்குறிச்சி, ஜாகீர் அம்மாபாளையம், சீலநாயக்கன்பட்டி, அயோத்தியாப்பட்டணம் என்று எல்லாத் திசையிலிருந்தும் கேட்கிறார்கள். மழைநீர்த் தொட்டியும் பழைய கிணறும் பெரும்பாலும் அவர்கள் பட்டியலிலேயே இருக்காது. நான் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். குழாய்த் தண்ணீரையும் சேர்த்தால் ஐந்து வழிகள்.

## எதை வைத்து எடை போடுவது

ரூபாய்க்கு எத்தனை லிட்டர் என்று பார்ப்பதுதான் வழக்கம். அதை நான் மூன்றாவது இடத்தில்தான் வைப்பேன்.

முதல் கேள்வி, அந்தத் தண்ணீர் மே மாதத்தில் கிடைக்குமா என்பது. ஐப்பசியில் எல்லா வழியும் தண்ணீர் தரும். அப்போது கிடைக்கும் அளவை வைத்து முடிவெடுத்தால் சித்திரையில் மறுபடி நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது, எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டங்கள் வைத்துக்கொள்ளும் அளவு. நான்கு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். இதில் குடிக்கவும் சமைக்கவும் தாராளமாக வைத்தாலும் 40 லிட்டர் போதும். மிச்சம் 500 லிட்டர் குளியலுக்கும் துவைக்கவும் பாத்திரத்துக்கும் கழிப்பறைக்கும். இந்த 40-ஐயும் 500-ஐயும் ஒரே இடத்திலிருந்து எடுத்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் பணம். அதிலும் முதல் செலவைவிட, பில்லில் வராத செலவு முக்கியம். நான்காவதாக, போட்ட பணம் தோற்றுப்போனால் கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். ஐந்தாவது, நாம் எடுப்பதால் அடுத்த வீட்டுத் தண்ணீர் என்ன ஆகிறது. இதைத் தர்மசிந்தனை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நீங்கள் 800 அடி போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் 1,000 போடுவார், அவரால் உங்கள் 800 வறளும். இந்த ஓட்டம் நம் தெருக்களில் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. சேலம் மாவட்டத்தின் பல பிர்காக்கள் (வருவாய் உள்வட்டங்கள்), ஊறுவதைவிட அதிகமாக எடுக்கும் பகுதிகள் என்று நிலத்தடி நீர்க் கணக்கெடுப்பில் வகைப்படுத்தப்பட்டவை.

## ஐந்தையும் ஒரு பார்வை

| வழி | மே மாதத்தில் | எந்த வேலைக்கு | கண்ணில் படாத செலவு | தோற்றால் மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| போரை ஆழப்படுத்துவது, புதுப் போர் | சொல்ல முடியாது | பெரும்பாலும் குளியல், துவையல். குடிக்கப் பரிசோதனை தேவை | கேசிங் (மண் சரியாமல் இறக்கும் குழாய்), மோட்டார், கேபிள், மின்சாரம், ஆர்.ஓ. | மூட வேண்டிய ஒரு குழி |
| கூரை மழைநீர்த் தொட்டி | குடிக்க, சமைக்கக் கிடைக்கும் | குடிநீர், சமையல் | இடம், வருடா வருடம் சுத்தம் செய்வது | லாரிக்கும் குழாய்க்கும் உதவும் தொட்டி |
| பழைய கிணற்றைத் தூர் எடுப்பது | கிணற்றைப் பொறுத்தது | குளியல், துவையல், தோட்டம் | தெருவைச் சேர்த்து வைப்பது, சாக்கடைக் கசிவு | மழைநீரை உள்ளே விட ஓர் இடம் |
| லாரித் தண்ணீர் | கிடைக்கும், ஆனால் வரிசை | குளியல், துவையல் | பெரிய தொட்டி, தரம் தெரியாமை | ஒன்றுமில்லை |
| மாநகராட்சி, கூட்டுக் குடிநீர்க் குழாய் | குறையும், நிற்பது அரிது | எல்லாவற்றுக்கும் | இடைவெளிக்குச் சேமிக்கும் தொட்டி | – |

## போர்: ஆசை அதிகம், பாறை கஞ்சம்

போரைப் பற்றிப் பேசுவதற்கு முன் நம் காலுக்குக் கீழே இருப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கடும்பாறை. சமவெளியில் நைஸ் (gneiss) என்னும் வரிப்பாறை. கருப்பூர், மாமாங்கம் பக்கம் மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல். கஞ்சமலையில் இரும்புத்தாது. சுரங்கக்காரர்களுக்கு இது நல்ல ஊர், தண்ணீர் தேடுபவருக்கு அவ்வளவு நல்லதில்லை. மேலே மண்ணும் சிதைந்த பாறையுமாகச் சில பத்து அடிகள். அதற்குக் கீழே கெட்டிப் பாறை. கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் இருப்பது விரிசல்களில் மட்டும். ஆழம் போகப் போக மேலே உள்ள பாரத்தால் விரிசல்கள் இறுகிக்கொண்டே போகும்.

ஒரு கன மீட்டர் ஆற்று மணலில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வடியும். நம் ஊர்ச் சிதைந்த பாறையில் அதே அளவில் வடிவது ஏறத்தாழ 10 முதல் 30 லிட்டர்தான். கெட்டிப் பாறையில் அதிலும் ஒரு சிறு பங்கு. ஆகவே 1,000 அடி என்பது 500 அடியைப்போல் இருமடங்கு தண்ணீர் என்று கணக்குப் போடக் கூடாது. கடைசி 500 அடியில் ஒரு விரிசலும் குறுக்கே வராமல் போவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

போர் ஓட்டும் இரவை ஒருமுறை அருகில் நின்று பார்த்தவர்களுக்குப் பணம் எப்படிப் போகிறது என்று புரியும். திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்று மாலை வந்து நிற்கும். பாறை தொட்டதும் வெள்ளைப் புழுதி தெரு முழுக்க எழும்பும், அக்கம்பக்கத்து வீடுகளில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு 20 அடி ராடு இறங்கியதும் வெளியே வந்த கல்தூளைக் கையில் அள்ளி டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பார்கள்: கறுப்பா, வெள்ளையா, ஈரம் ஒட்டுகிறதா. நள்ளிரவுக்கு மேல், 600 அடியில் வெறும் புகை வந்துகொண்டிருக்கும்போது, ஏஜென்ட் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்: "இவ்வளவு ஆயிடுச்சு, இன்னும் ரெண்டு ராடு விட்டுப் பாத்துடலாங்களாண்ணா?" வேண்டாம் என்று சொல்ல அந்த நேரத்தில் யாருக்கும் மனம் வராது. ஆழம் கூடக் கூட ஓர் அடிக்கான கூலியும் படிப்படியாக ஏறுவது அப்போது நினைவிலும் இருக்காது. ஆகவே எங்கே நிறுத்துவது என்பதைப் பகலிலேயே, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்து, ஏஜென்டிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

அடிக் கூலியோடு செலவு முடிவதில்லை. கேசிங் பைப், ஆழத்துக்கு ஏற்ற மோட்டார், அத்தனை அடிக்கும் பைப்பும் கேபிளும், ஸ்டார்ட்டர் பெட்டி. அப்புறம் மின்சாரம். 600 அடி ஆழத்திலிருந்து 1,000 லிட்டரை மேலே கொண்டுவர, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால், ஒன்றே கால் யூனிட்டாவது ஆகும். நாளைக்கு 540 லிட்டர் என்றால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட்டை ஒட்டி வரும். அதே தண்ணீர் 60 அடிக் கிணற்றில் இருந்தால் நாலைந்து யூனிட்டோடு முடிந்துவிடும். ஊற்று குறைவான போரில் கம்ப்ரெசர் வைத்துத் தள்ளுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, பல மடங்கு கூடும்.

தரமும் இருக்கிறது. பாறைக்குள் நெடுங்காலம் கிடந்த தண்ணீரில் உப்பும் ஃப்ளோரைடும் கூடுதலாக இருப்பது வழக்கம். தருமபுரி, சேலம் மாவட்டங்களில் ஃப்ளோரைடு தெரிந்த பிரச்சினை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைகளின் பல்லில் காவிக்கறை விழும். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. வெள்ளைக்கல் பக்கத்துத் தண்ணீரில் மெக்னீசியக் கடினம் வேறு. துவரம்பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதைப் பார்த்தே மாமாங்கத்துப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். உடனே ஆர்.ஓ. வாங்குவோம். அது ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். ஆயிரம் அடியிலிருந்து காசு கொடுத்து ஏற்றிய தண்ணீர் அது.

இவ்வளவு சொன்னாலும் போர்தான் சரி என்கிற இடங்கள் உண்டு. சொந்தமாக எந்த நீராதாரமும் இல்லாத மனை, குழாய் இன்னும் வராத புது லேஅவுட், மாடு கட்டியிருக்கும் வீடு. பக்கத்து மூன்று நான்கு போர்களில் எத்தனையாவது அடியில் ஊற்று தட்டியது என்று உறுதியாகத் தெரிந்து, அது 300, 400 அடிக்குள் இருந்தால் தைரியமாக இறங்கலாம். அடுக்குமாடியோ பத்து வீடுகள் உள்ள தெருவோ என்றால், ஆளுக்கொரு போருக்குப் பதில் பொதுவில் ஒன்று போடுவது எல்லா வகையிலும் மேல். தேங்காய் வைத்துப் பார்ப்பவரை அழைப்பது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. கூடவே, மண்ணும் பாறையும் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கின்றன என்று அளந்து ஊற்று தேடும் நிலவியலாளரையும் ஒருமுறை கூப்பிடுங்கள். போகும் பணத்தில் அது சிறு துளி.

புதுப் போர் என்று முடிவெடுக்கும் முன் பழைய போரையே ஒழுங்காகப் பாருங்கள். மோட்டாரை மேலே தூக்கி, கேமரா இறக்கி, மண் சரிந்து அடைத்திருக்கிறதா என்று பார்த்து, ப்ளஷிங் செய்து (காற்றழுத்தத்தால் அடைப்பை வெளியே தள்ளி), தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்தால், போர் வறண்டுவிட்டது என்று வந்தவர்களில் சிலருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தோற்ற போரைத் திறந்து விடக் கூடாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் திறந்து கிடந்த போருக்குள் குழந்தை விழுந்து இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மூடி போட்டு வெல்டிங் வைக்க வேண்டும். இல்லாவிட்டால், கீழே சொல்லியிருப்பதுபோல் மழைநீருக்கு வழியாக மாற்ற வேண்டும்.

## கூரை மழைநீர்: சேலத்துக்கு ஒரு வசதி

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பல வீடுகளில் அது ஒரு மூலையில் ஜல்லி கொட்டிய குழியாக, துளசி மாடத்துக்குப் பின்னால் கிடக்கிறது. நான் சொல்வது முதலில் தொட்டி, அப்புறம்தான் குழி.

கணக்கு எளிது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர். சேலத்தில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைப்போம். ஐந்தில் ஒரு பங்கு சிந்தியும் ஆவியாகியும் போனாலும் 67,000 லிட்டர் மிஞ்சும். நாளைக்கு 540 லிட்டர் செலவழித்தால் இது நாலு மாதத் தேவை. நாளைக்கு 40 லிட்டர் குடிநீராக மட்டும் பார்த்தால் நாலரை வருடத்துக்குக் காணும்.

அப்படியானால் எவ்வளவு பெரிய தொட்டி? இங்கேதான் சேலத்தின் வசதி. சென்னைக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே வந்து முடிந்துவிடும். அங்கே மிச்ச மாதங்களுக்கும் சேர்த்துப் பிடித்து வைக்க வேண்டும். நமக்குத் தென்மேற்கிலும் கிடைக்கிறது, வடகிழக்கிலும் கிடைக்கிறது, சித்திரை வைகாசியில் இடியோடு கோடை மழையும் உண்டு. உண்மையில் காய்ந்து கிடக்கும் காலம் தை முதல் சித்திரை வரை, நாலு மாதம். நாளைக்கு 40 லிட்டர் வீதம் 120 நாளுக்கு 4,800 லிட்டர். கோடை மழை தள்ளிப்போகும் வருடத்துக்கும் சேர்த்து 10,000 லிட்டர் தொட்டி இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் கவலையில்லை. 8-க்கு 8 அடி, ஐந்தரை அடி ஆழம். கார் நிற்கும் இடத்துக்கு அடியில் அடங்கிவிடும். செப்டம்பர், அக்டோபர் மழை மட்டுமே அதை நிரப்பிவிடும்.

சீசனின் முதல் மழையில் மாடியின் தூசியும் காக்கை எச்சமும் வரும். அதனால் ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் முதல் 100, 200 லிட்டரை வெளியே விட ஒரு வால்வு வேண்டும். மாமாங்கம், இரும்பாலைப் பக்கம் போல் தூசி அதிகமான இடங்களில் இன்னும் கொஞ்சம் விடுங்கள். அடுத்து ஒரு 200 லிட்டர் டிரம்: அடியில் ஜல்லி, நடுவில் கரி, மேலே கழுவிய மணல், இடையிடையே வலை. தொட்டிக்குள் வெளிச்சம் துளியும் போகக் கூடாது; போனால் பாசி. காற்றுக் குழாயில் கொசுவலை கட்டாயம், இல்லையென்றால் டெங்குக் கொசுவுக்கு நீங்களே இடம் கட்டிக் கொடுத்த மாதிரி. குடிக்கும் முன் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெயிலுக்கு என்று ரசாயனப் பூச்சு அடித்த மாடி, இவற்றின் தண்ணீரைக் குடிக்க எடுக்க வேண்டாம், துவைக்கலாம்.

குறை என்ன? இடம். 600 சதுர அடி மனையில் ஓரத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் பூமிக்குள் தொட்டி கட்ட வழியில்லை. 2,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றிரண்டை மேலே வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். வருடம் ஒருமுறை, ஆனி முடிவதற்குள், தொட்டியில் இறங்கித் தேய்க்க ஒருவர் வேண்டும். அப்புறம், இதனால் 500 லிட்டர் பிரச்சினை தீராது. தீர்க்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

தொட்டி நிரம்பி வழிவதுதான் குழிக்குப் போக வேண்டும். ஊற்று குறைந்த போர் இருந்தால் அதன் கேசிங்கைச் சுற்றி ஆறடிக்கு ஆறடி, பத்தடி ஆழத்தில் குழி எடுத்து, கேசிங்கில் துளையிட்டு நைலான் வலை சுற்றி, பெருங்கல், ஜல்லி, மணல் என்று நிரப்புவார்கள். வடிகட்டாமல் மாடித் தண்ணீரை நேராகப் போருக்குள் விடவே கூடாது. கார் கழுவிய தண்ணீரும் தெருத் தண்ணீரும் அந்தப் பக்கமே வரக் கூடாது. நம் பாறை கஞ்சம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. கொஞ்சம் எடுத்தால் மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ, கொஞ்சம் விட்டால் அவ்வளவு வேகமாக ஏறும். ஒரு மாடியின் ஓராண்டு மழை முழுவதையும் உள்ளே விட்டால் 3,000 கன மீட்டருக்கு மேற்பட்ட சிதைந்த பாறையை நிரப்பும். அது உங்கள் மனைக்குள்ளேயே நிற்காது, பக்கத்து வீட்டுக்கும் போகும். அவர் விடுவது உங்களுக்கு வரும். தெருவில் ஒரு வீடு மட்டும் செய்தால் பலன் தெரியாது என்று சொல்பவர்கள் சொல்வது இந்த விஷயத்தில் சரிதான்.

## பழைய கிணறு

சேலத்தைச் சுற்றிய லேஅவுட்டுகளில் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் தோட்டம். தோட்டம் என்றால் கிணறு இருந்தே இருக்கும். மனை போடும்போது சில கிணறுகளைக் கட்டட இடிபாடு கொட்டி மூடிவிட்டார்கள். சில இன்னும் முள் வேலிக்குள் குப்பையோடு கிடக்கின்றன. இப்படி ஒன்று உங்கள் தெருவில் இருந்தால் 1,000 அடி போருக்குமுன் அதைப் பாருங்கள்.

20 அடி அகலக் கிணற்றில் ஓர் அடித் தண்ணீர் என்பது 8,900 லிட்டர். பத்தடித் தண்ணீர் நின்றால் ஏழெட்டு லாரி லோடு. போரில் இப்படித் தேக்கி வைக்க முடியாது. ஊறுவதை உடனே இறைக்க வேண்டும். கிணற்றில் இரவெல்லாம் ஊறியதைக் காலையில் எடுக்கலாம். சிதைந்த பாறை மட்டத்திலேயே நிற்பதால் மழை பெய்த சில நாளில் மட்டம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். மின்சாரம் மிச்சம்.

பக்கத்தில் ஏரி இருந்தால் இன்னும் நல்லது. ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து ஓடி வரும் தண்ணீர் சேரும் மூக்கனேரியைக் குடிமக்கள் கைகோத்துத் தூர்வாரியது 2010 வாக்கில். ஏரி நிறைந்த வருடங்களில் அதை ஒட்டிய கிணறுகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மறுபக்கம் பனமரத்துப்பட்டி ஏரி. மேட்டூர்த் தண்ணீர் வரும் முன் சேலம் நகரத்துக்கே குடிநீர் கொடுத்தது. பின்னாளில் வருடக்கணக்கில் வறண்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அந்த ஏரிக்கு வரும் வாய்க்கால்கள் அடைபட்டால் சுற்று வட்டாரத்துக் கிணறுகளையும் அது பாதிக்கும்.

கிணற்றின் உண்மையான செலவு தூர் எடுக்கும் கூலி அல்ல. கிணறு யாருடையது, பத்திரத்தில் பொதுவிடமா, மோட்டார் யார் பெயரில், கரன்ட் பில் யார் கட்டுவது என்று நாலு கூட்டமாவது போட வேண்டும். இதைத் தாங்கும் பொறுமை உள்ள ஒருவர் தெருவில் இல்லையென்றால் இந்த வழி வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டாவது, செப்டிக் டேங்குகள். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே உள்ள கிணற்றில் கழிவுநீர் கசிந்து நைட்ரேட் ஏறியிருக்கலாம். சாயப்பட்டறை, ஜவ்வரிசி ஆலை, வெள்ளி மெருகுப் பட்டறை பக்கத்திலும், திருமணிமுத்தாற்றின் நகரப் பகுதிக் கரையிலும் பரிசோதிக்காமல் வாயில் வைக்காதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். மேலே இரும்புக் கம்பி மூடி போடாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

## லாரி

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. 12,000 லிட்டர் லாரி நான்கு பேர் வீட்டுக்கு 22 நாள் வரும். லோடு விலையை 12-ஆல் வகுத்தால் ஆயிரம் லிட்டரின் விலை. அதைப் போருக்குப் போட நினைத்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வருடத்தில் இரண்டு மாதம்தான் தட்டுப்பாடு என்றால் மூன்று லோடு. அந்தக் கணக்கில் புதுப் போர்ச் செலவு எத்தனை வருட லாரிக்குச் சமம் என்று பார்த்தால் பலர் போர் யோசனையையே விட்டுவிடுவார்கள்.

ஆனால் முழு லோடையும் ஒரே தடவையில் இறக்க 12,000 லிட்டர் தொட்டி வேண்டும். சந்துக்குள் லாரி திரும்ப வேண்டும். மே மாதத்தில் சொன்ன நாளில் வராது. எங்கேயோ ஒரு விவசாயக் கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ வருவதுதான் அதுவும். கிராமத்துப் பக்கம் போகும்போது அந்தக் கிணற்றைச் சுற்றியிருக்கும் மரவள்ளிக் காட்டையும் ஒருமுறை பாருங்கள்.

வீடு கட்டும் காலம், கல்யாணம், இரண்டு மாத இடைவெளி: இவற்றுக்கு லாரி சரி. வருடம் முழுக்க லாரியை நம்பி வாழ்வது வாடகை வீட்டுக்காரருக்கு மட்டும் பொருந்தும். அவர் வேறு என்ன செய்ய முடியும்?

## குழாய்

மேட்டூர்த் தண்ணீர்தான் நமக்குக் கிடைப்பதில் மிருதுவானது. கிடைக்கும் இடத்தில் இணைப்பு வாங்காமல் இருப்பது அசட்டுத்தனம். ஆனால் பல பகுதிகளில் தினமும் வராது. அதனால் தொட்டி இல்லாமல் குழாய் பாதிப் பயன்தான். கிராமப்புறத்தில் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவே ஆளுக்கு 55 லிட்டர். குழாயில் மோட்டாரை நேராக மாட்டி உறிஞ்சுவது சட்டத்துக்குப் புறம்பு, தெருக் கடைசி வீட்டுக்குத் துரோகமும்கூட.

மேட்டூர் அணையின் நிறைமட்டத்தைவிடச் சேலம் நகரம் உயரத்தில் இருக்கிறது. அதாவது காவிரி நம் வீட்டுக்கு இறங்கி வருவதில்லை, மின்சாரம் செலவழித்து ஏற்றப்படுகிறது. 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த அணையைத்தான், பாசனத்துக்குத் திறக்கும் ஜூன் 12 எப்போது வரும் என்று டெல்டாவும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தண்ணீரில் கார் கழுவுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மறைப்பதற்கில்லை.

## உங்கள் வீடு எந்த வகை

குழாய் இணைப்பு இருக்கிறது, போர் பலவீனமாகிவிட்டது: ஆழப்படுத்தாதீர்கள். 10,000 லிட்டர் தொட்டி கட்டுங்கள். மழைக்காலத்தில் மழைநீர், வறண்ட மாதத்தில் குழாய்த் தண்ணீர், இரண்டையும் அதுவே தாங்கும். பலவீனமான போர் நாளைக்கு 300 லிட்டர் கொடுத்தால்கூடக் கழிப்பறைக்கும் துவையலுக்கும் காணும். சேலத்தில் பெரும்பாலான வீடுகள் இந்த வகைதான்.

குழாய் இல்லை, போர் முழுக்க வறண்டது, மனை பெரியது: 15,000 லிட்டர் மழைத்தொட்டி, வறண்ட போரைச் சுற்றிக் குழி, இரண்டு மாதம் லாரி. ஒரு மழைக்காலம் பார்த்தபின்தான் புதுப் போர் பற்றிப் பேச வேண்டும்.

குழாயும் இல்லை, கூரையும் சின்னது, ஆள் அதிகம்: இங்கே போரைத் தவிர்க்க முடியாது. முடிந்தவரை இரண்டு மூன்று வீடு சேர்ந்து போடுங்கள். உள்ளாட்சி அனுமதி வாங்கிவிட்டுத்தான் ரிக் வர வேண்டும்.

தெருவில் கிணறும், கிணற்றுக்காக அலைய ஒரு ஆளும் இருக்கிறார்கள்: மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைச் செய்யுங்கள்.

ஏற்காட்டில் வீடோ தோட்டமோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேலே மழை 1,500 மில்லிமீட்டரை ஒட்டி. அங்கே போர் போடுவது எனக்குப் புரியவே இல்லை. சரபங்காவும் திருமணிமுத்தாறும் அந்த மலையிலிருந்துதான் இறங்குகின்றன. மழைத்தொட்டி, இருக்கிற ஊற்றைச் சுற்றி மரம் வெட்டாமல் வைப்பது, இவ்வளவு போதும்.

## எந்த மாதம்

தொட்டி வேலையைத் தை, மாசியில் ஆரம்பியுங்கள். அப்போதுதான் கான்கிரீட் ஆறி, கோடை மழையில் ஒருமுறை கழுவிவிட்டு, ஆடிக்கு முன் தயாராக இருக்கும். குழி வேலை வைகாசியில். கிணற்றில் தூர் எடுப்பது தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும் சித்திரையில்.

போர் மட்டும் கொஞ்சம் சிக்கல். கார்த்திகையில் ரிக் லாரி சுலபமாகக் கிடைக்கும், பேரமும் பேசலாம். ஆனால் அப்போது மேல் விரிசல்களெல்லாம் நிறைந்திருப்பதால் இரண்டு இஞ்ச் தண்ணீர் என்று காட்டும். அது மே மாதம் அரை இஞ்ச் ஆகிவிடலாம். சித்திரையில் கூலி கூடுதல், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் அன்று தட்டும் ஊற்றுதான் நிஜம். போர் போட்டே ஆக வேண்டும் என்றால் நான் சித்திரையில்தான் போடச் சொல்வேன். போட்ட மறுநாள் காலை, மோட்டார் இறக்கும் முன், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று அளந்து, தேதியோடு ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் போர் நின்றுவிட்டது என்று யாரிடம் போய்ச் சொன்னாலும் அவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.